வெள்ளைத் தோலில் எண்ணெய் படாமல் தின்பது எப்படி

ஷூ ஃபாக்டரியில் நர்ஸ் வேலை என்றால் விரலில் ஏறிய ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போடுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஊசி ஏறுவது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, சாப்பிடாமல் வந்து கண் செருகி விழுகிறவர்கள்தான் எனக்கு முழு நேர வேலை.

ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு ஃபாக்டரியில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு பி.பி. மெஷின், ஒரு ரிஜிஸ்டர், இவ்வளவுதான் என் ராஜ்யம். முன்பெல்லாம் ஜனங்கள் சும்மா சாப்பிடாமல் வந்து மயங்கினார்கள். இப்போது காலங்காலையில் எழுந்து ஓடிவிட்டு, வெயிட் தூக்கிவிட்டு, அப்புறம் சாப்பிடாமல் வந்து மயங்குகிறார்கள். விடிவதற்குள் வேகு வேகென்று ஐந்து கிலோமீட்டர் நடந்து, வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்து, பதினோரு மணிக்கு வீட்டிலிருக்கிறவர்கள் மேல் எரிந்து விழுகிற புண்ணியவான்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். நானும் உங்களில் ஒருத்தியாக இருந்து திருந்தியவள்.

முதல் கேள்வி

கட்டிலில் படுக்க வைத்ததும் நான் கேட்பது, "சாப்பிட்டியா?" அதற்கு இல்லை என்று பதில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "சாப்டேன் சிஸ்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். என்ன சாப்பிட்டாய் என்று துருவினால் நேற்று ராத்திரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். ராத்திரி சப்பாத்தி, காலையில் பால், நடுவில் பக்கத்துச் சீட்டுக்காரி கொடுத்த ஒரு பிஸ்கட். இதைக் கணக்கில் சேர்த்தால் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு நாள் கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு அம்மா வந்து படுத்தார். புதிதாக யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறாராம். வகுப்பு முடிந்து நேராக வேலைக்கு வந்துவிடுகிறார். நான் அதட்டலாகவே கேட்டேன், சாப்பிட்டீர்களா இல்லையா, ஒரே பதில் சொல்லுங்கள் என்று. மோட்டுவளையைப் பார்த்துவிட்டு நியாயமாகக் கேட்டார்:

"டீ குடிச்சா சாப்ட்ட மாதிரிதான சிஸ்டர்?"

எட்டு மஞ்சள் கரு

மெஷின் ரிப்பேர் பார்க்கும் சுரேஷ் ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டைக் கையைச் சுருட்டி மடித்துக்கொண்டு ஃபாக்டரி முழுக்க உலாத்துவான். மதியம் டப்பாவில் எட்டு அவித்த முட்டை வரும். வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை எல்லாம் கேன்டீன் பின்பக்கம் இருக்கிற நாய்க்குப் போடுவான். சோறு கிடையாது, குழம்பு கிடையாது. ஒரு நாள் தையல் மெஷின் தலையைக் கழற்றித் தூக்கும்போது கை நடுங்கி, கிட்டத்தட்டக் கால் மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தான்.

அவனை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். தம்பி, சாயந்திரம் அவ்வளவு வெயிட் தூக்குகிறாய், அதற்கு உடம்பு எங்கிருந்து பலம் எடுக்கும்? சோறும் வேண்டும், பருப்பும் வேண்டும், அந்த மஞ்சள் கருவும் முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது உள்ளே போகட்டும், ஜிம்முக்குப் போகிறதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம் சாப்பிடு என்றேன். அவன் சந்தேகமாகவே தலையாட்டினான். கேன்டீன் நடத்துகிற முனியம்மா அக்கா மோர் கொண்டுவந்த சாக்கில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நாயப் பாத்தியா சிஸ்டர்? இன்னா உடம்பு ஏத்தி வெச்சிக்கீது. இவுனுக்குப் பதிலா அத்த ஜிம்முக்கு அனுப்பு."

பத்தரை மணி மருந்து

எச்.ஆர். மேனேஜர் தாஸ் சார் வேலூரில் நாங்கள் போகிற சர்ச்சுக்குத்தான் வருகிறார். நல்ல மனுஷர். டாக்டர் எடை குறைக்கச் சொன்னதிலிருந்து காலையில் ஓட்டம், மாலையில் நீச்சல். இடையில் வெள்ளரிக்காய். முதல் மாதம் எல்லாரும் அவரைப் பாராட்டினோம். இரண்டாவது மாதம் லீவு லெட்டரோடு உள்ளே போனவர்கள் கண் கலங்கி வெளியே வந்தார்கள். எனக்கே ஒரு நாள், பஞ்சு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோவில் நேரத்தைப் பார்த்தேன், பதினொன்று பத்து.

அடுத்த நாள் பத்தரைக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போனேன். பி.பி. பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, சார், ஓடுகிறவர்கள் இந்த நேரத்துக்கு இதைச் சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் இருந்தால் மதியம் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டு எடை கூடத்தான் செய்யும் என்றேன். எடை கூடும் என்ற வார்த்தைதான் வேலை செய்தது. ஒரே வாரத்தில் அவர் பழைய தாஸ் சார் ஆகிவிட்டார். அதிலிருந்து ஆபீஸ் கிளார்க் தினமும் பத்தே முக்காலுக்கு என் கதவைத் தட்டிக் குசுகுசுவென்று கேட்பான்:

"மருந்து உள்ள போய்ட்ச்சா சிஸ்டர்? லீவு லெட்டர நீட்டலாமா?"

வனிதா

இத்தனை பேரையும் வைத்துச் சிரித்துவிட்டேன். வனிதா விஷயத்தில் என்னால் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியவில்லை.

நாட்றம்பள்ளிப் பக்கத்து கிராமத்துப் பெண். தையல் லைனில் மெஷின் ஆபரேட்டர். போலீஸ் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். முந்தின தடவை எழுத்துத் தேர்வில் பாஸாகி, ஓட்டத்தில் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் கால் பின்னி உட்கார்ந்துவிட்டாள். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இந்தத் தடவைதான் கடைசி. விடியற்காலை நாலரைக்குப் பள்ளிக்கூட கிரவுண்டில் ஓடிவிட்டு, ஆறு மணிக்குக் கம்பெனி வேன் பிடித்து வருவாள். ஒரு நாள் பதினோரு மணிக்கு மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஊசிக்கும் நெற்றிக்கும் நடுவில் இரண்டு விரல் அளவுதான் இடைவெளி.

எங்கள் ஃபாக்டரியில் ஒரு விதி உண்டு. மெஷினில் மூன்று முறை மயங்கினால் நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆளை மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள். மெஷின் சம்பளம் போனால் ஓட்டமும் போச்சு, ஏனென்றால் அவள் அம்மா ஏற்கெனவே இந்த ஓட்டம் எதற்கு என்று புலம்பிக்கொண்டிருந்தார், சம்பளமும் குறைந்தால் நிறுத்தியே விடுவார். அன்றைக்கு ரிஜிஸ்டரில் "வனிதா, மயக்கம், ஒன்று" என்று எழுதிவிட்டு அவளைத் திட்டினேன். ஓடுவதற்கு முன் எதுவுமே சாப்பிடுவதில்லையா என்று கேட்டதற்கு எழுந்து உட்கார்ந்து பணிவாகப் பதில் சொன்னாள்:

"வெறும் வயித்துல ஓடுனாதான் உடம்பு லேசா இருக்கும்னு கிரவுண்ட்ல சொல்லிக்குடுக்குற அண்ணன் சொன்னாரு சிஸ்டர்."

இரண்டாவது மயக்கம்

ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்ததும் வேனிலேயே நாலு இட்லி, பத்து மணி இடைவேளையில் ஏதாவது நொறுக்குத்தீனி என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, அதே பதினோரு மணி, அதே கட்டில். இரண்டு என்று எழுதினேன். வாழைப்பழம் சாப்பிட்டதாகச் சொன்னாள், இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. பதினோரு வருஷமாகப் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. பொய் சொல்லாதே என்று சத்தம் போட்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பினேன். மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் கேன்டீனுக்குப் போனால் தட்டு நிறைய வடை அப்படியே ஆறிக்கிடந்தது. என்ன அக்கா, விற்கவில்லையா என்றேன். வெள்ளைத் தோல் ஷூ ஆர்டர் ஓடுகிற மாதத்தில் ஒருத்தியும் வடை, போண்டா தொடமாட்டாள் என்றார் முனியம்மா அக்கா, ஊருக்கே தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாயே என்கிற முகத்தோடு. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. கறுப்புத் தோலில் விரல் எண்ணெய் பட்டால் யாருக்கும் தெரியாது. வெள்ளைத் தோலில் பட்டால் அந்த ஜோடியே ரிஜெக்ட். அதனால் லைன் சூப்பர்வைசர் ஷபீர் பாய் ஒவ்வொரு இடைவேளைக்கும் பிறகு வாசலில் மெல்லிய வெள்ளைத் தாளோடு நிற்பார். பத்து விரலையும் தாளில் அழுத்த வேண்டும். எண்ணெய்க் கறை தெரிந்தால் திரும்பப் போய்க் கை கழுவ வேண்டும். இடைவேளை பத்து நிமிஷம், குழாய் மூன்று, பெண்கள் நூற்றுச் சொச்சம். வரிசையில் நின்று கழுவுவதற்கு ஒன்றுமே தின்னாமல் இருப்பது சுலபம் என்று எல்லாரும் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். விடியலில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறவளால் எப்படி முடியும்?

ரூமுக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மயக்கம் என்று நான் எழுதியதில் முக்கால்வாசி வெள்ளைத் தோல் மாதங்களில்தான். இத்தனை வருஷம் வெயில் மேலேயும் இரத்தசோகை மேலேயும் பழியைப் போட்டிருக்கிறேன். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. வனிதாவைக் கூப்பிட்டு, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அவளுக்குக் கோபமே இல்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

"சாப்பிட்டியான்னுதான் கேட்டீங்க சிஸ்டர். ஏன் சாப்பிடலன்னு நீங்க கேக்கவே இல்லியே."

பரீட்சை வைத்தோம்

சனிக்கிழமை வேலை முடிந்ததும் என் மேஜை மேல் வெள்ளைத் தோல் துண்டுகளைப் பரப்பி வைத்தோம். ஒரு பக்கம் முனியம்மா அக்கா, தீனியோடு. இன்னொரு பக்கம் ஷபீர் பாய், மூக்குக் கண்ணாடியும் தாள் கட்டுமாக. நடுவில் வனிதா, தின்பதற்கு. ஷபீர் பாய் கெட்டவர் இல்லை. தன் தாளால்தான் இவ்வளவு என்று தெரிந்ததும் முகம் வாடிப்போய், இந்தப் பேஜாருக்கு ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அவராகவே வந்திருந்தார்.

முறுக்கு முதல் சுற்றிலேயே அவுட். வறுத்த வேர்க்கடலை தாளில் பளபளவென்று கறை போட்டது. வாழைப்பழப் பிசுபிசுப்பில் விரலில் நூல் ஒட்டிக்கொண்டது. வேகவைத்த கடலையின் தோல் லேசாகச் சாயம் விட்டது, உரித்துக் கொடுத்தால் பரவாயில்லை. தாளிக்காத சுண்டல் ஸ்பூனோடு பாஸ். பொட்டுக்கடலை பாஸ். அவித்த முட்டை பாஸ், ஆனால் லைன் பூராவும் மணக்கும் என்று ஒரு விவாதம் நடந்தது. பேரீச்சம்பழத்தைப் பல்குச்சியில் குத்திக் கொடுத்தால் பாஸ். முனியம்மா அக்கா ஆசை விடாமல் வடையையும் ஸ்பூனால் வெட்டிக் கொடுத்துப் பார்த்தார். அது உதிர்ந்து தோல் துண்டு மேலேயே விழுந்தது, அக்கா தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சாமானிலும் வனிதாவுக்கு ஒன்று என்றால், சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஷபீர் பாய்க்கு இரண்டு போனது. கடைசியில் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு முடிவை அறிவித்தார்:

"கறை கம்மிதான் சிஸ்டர். பசிதான் ஜாஸ்தி ஆயிட்ச்சு. வீட்ல பிரியாணி ரெடியா இருக்கும், நான் வர்றேன்."

அனுமதி

இதை ஃபாக்டரி முழுக்க அமல்படுத்த தாஸ் சார் கையெழுத்து வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கிண்ணம், ஒரு ஸ்பூன், இடைவேளை ஐந்து நிமிஷம் கூடுதல். ஐந்து நிமிஷத்தை நூற்றுச் சொச்சம் பேரால் பெருக்கினால் எந்த மேனேஜருக்கும் நெஞ்சு வலிக்கும். நான் அவசரப்படவில்லை. பத்தரைக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும் உள்ளே போய், அது இரத்தத்தில் கலக்க நேரம் கொடுத்து, பதினொன்று பத்துக்கு ரிஜிஸ்டரோடு உள்ளே போனேன். மயக்கக் கணக்கைக் காட்டினேன். ஷபீர் பாயின் தாள்களைக் காட்டினேன். பசித்தால் மனுஷர் என்ன ஆவார் என்பது உங்களுக்குத் தெரியாதா சார் என்று மட்டும் கேட்டேன். அவர் வாழைப்பழத் தோலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த பஞ்சு மெமோவைக் கிழிச்சுப் போட்டுடுங்க சிஸ்டர். நான் அன்னிக்கு சாப்பிடல."

கொட்டை

அதற்குப் பிறகு வனிதா பெயர் என் ரிஜிஸ்டரில் வரவில்லை. ஓட்டத் தேர்வுக்கு முந்தின நாள் வந்து நின்றாள். கிரவுண்டில் எல்லாரும் அன்றைக்கு எதுவும் சாப்பிடக் கூடாது என்கிறார்களாம். நான் மருந்துச் சீட்டை எடுத்து எழுதினேன். ராத்திரி சோறு, பருப்பு, முட்டை. காலையில் நாலு இட்லி, ஒரு வாழைப்பழம். காத்திருக்கும்போது மணிக்கொரு தடவை இரண்டு பேரீச்சம்பழம், கொஞ்சம் பொட்டுக்கடலை, தண்ணீர். எழுதிக் கொடுத்துவிட்டேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. வழியில் வாந்தி எடுத்தால்? கனத்துப்போய் கால் ஓடாவிட்டால்? அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது.

மறுநாள் ஒரு பேஷண்ட்டுக்கு ஒரே கையில் இரண்டு தடவை பி.பி. பார்த்தேன். ஷபீர் பாய் இரண்டு முறை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என் ரூமுக்கு வந்து போனார். ஆறு மணிக்கு வரச்சொன்னவர்களைப் பதினோரு மணிக்குத்தான் ஓட விட்டார்களாம். அதற்குள் வரிசையில் இரண்டு பெண்கள் சுருண்டு விழுந்துவிட்டார்களாம். பன்னிரண்டு மணிக்கு மேல் வந்த வனிதாவின் போனில்தான் இதெல்லாம் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

"என் நம்பரக் கூப்பிடும்போது வாய்ல பேரீச்சங்கொட்டை இருந்துச்சு சிஸ்டர். துப்ப நேரமில்ல. கன்னத்துல அடக்கிக்கினே ஓடி முடிச்சிட்டேன். பாஸ்."

பத்து விரல்

மற்ற தேர்வுகளும் முடிந்து, பட்டியலில் பெயர் வந்து, வேலையை விட்டுப் போக ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அப்போதும் வெள்ளைத் தோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கேன்டீனுக்குப் போய் முனியம்மா அக்காவிடம் சூடாக மூன்று வடை வாங்கி, ஸ்பூன் இல்லாமல், பத்து விரலும் பட, நின்ற இடத்திலேயே தின்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்னி ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இங்கே வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் அவள் ஆற அமர ஒன்றைத் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கை கழுவாமல் நேராக லைன் வாசலுக்குப் போனாள். இடைவேளை முடிந்து எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவளும் கடைசியில் நின்றாள். முறை வந்ததும் ஷபீர் பாய் பழக்கத்தில் தாளை நீட்டினார். அவள் பத்து விரலையும் நன்றாக அழுத்தி எடுத்தாள். பத்து இடத்திலும் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு எண்ணெய். லைனே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி தெரிந்தாலும் திருப்பி அனுப்புகிற மனுஷர், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"பத்தும் பாஸ்மா. போய்ட்டு வா."

அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, "வனிதா, மயக்கம், இரண்டு" என்று எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பதினோரு வருஷ ரிஜிஸ்டரில் ஒருத்தி உண்மையிலேயே சாப்பிட்டாள் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுதான்.